தொட்டில், உள்ளடக்கம் உட்பட

அந்தத் தொட்டிலை மியூசியத்துக்குக் கொடுத்த நாளில் வெல்டர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் மியூசியம் மட்டுமே பொறுப்பு என்று ஆகிவிடும். பாவம், அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை.

கூடத்தின் நடுவில் நின்ற தொட்டில் அது. கருத்த மரம், இரண்டு பக்கமும் தூண், நடுவில் ஆடுகிற பெட்டி, ஆடும்போதெல்லாம் ஒரு கிரீச். வெல்டர், அவருடைய அக்கா, அக்காவின் பிள்ளைகள் என்று அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேரும் அந்தக் கிரீச்சைக் கேட்டுக் கண்ணை மூடியவர்கள்தான். அக்காவின் கடைக்குட்டி அதிலிருந்து குதித்து ஓடிய பிறகு, அது அழுக்குத் துணி போடும் இடமாகி, போகிற வருகிறவர்களின் முழங்காலைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. 'மழலையும் மரபும்' என்ற கண்காட்சிக்குப் பொருள் தேடி வந்த மியூசியத் தலைமை அதிகாரி, அதாவது காப்பாட்சியர், அதைப் பார்த்ததும் மூச்சு விடவே மறந்துபோனார். வெல்டர் துணியைக் கொட்டிவிட்டுத் தூக்கிக் கொடுத்தார். கண்காட்சி முடிந்த மறுநாளே வாசலில் கொண்டுவந்து வைப்பதாகக் காப்பாட்சியர் வாக்குக் கொடுத்தார்.

"அவசரமே இல்ல சார். மெதுவா குடுங்க," என்றார் வெல்டர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கண்காட்சி முடிந்தது. தொட்டில் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பாப்பா வந்துசேர்ந்தாள்.

பாப்பா வெல்டருக்கும் அவர் மனைவிக்கும் முதல் பிள்ளை. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவரை வெல்டர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவிடம் ஒரு குறையும் இல்லை, தூங்க மாட்டாள் என்பதைத் தவிர. பாயில் போட்டால் கத்தல், மெத்தையில் போட்டால் கதறல், மடியில் வைத்துக்கொண்டால் விக்கல். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொட்டில் தானாகவே பாட்டுப் பாடும் என்றார்கள். அது பாடியது. பாப்பா அதைவிட உரக்கப் பாடினாள். டீச்சர் சர்க்கரை என்று உப்பைப் போட்டு டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிவைத்த பிறகுதான் முகம் சுளித்தார். வெல்டர் பட்டறையில் நின்றவாக்கிலேயே முகமூடிக்குள் கண்ணயர்ந்து, முதலாளி உட்காரும் இரும்பு ஸ்டூலை வாசல் கேட்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்.

முதலாளி நல்ல மனிதர். கோபப்படாமல்தான் சொன்னார்.

"இந்தத் தடவை ஸ்டூலோட போச்சு. நான் அதுல உக்காந்திருந்தா, கேட்டைத் திறக்கும்போதெல்லாம் நானும்ல ஆடியிருப்பேன்? பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு வா, இல்லேன்னா வராதே."

அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அடுத்த தெருவிலிருந்து வந்து பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, தம்பியை வாசலுக்குத் தள்ளினாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க அந்தத் தொட்டில் இல்லாம கண்ணை மூடாதுடா. எடுத்துட்டு வந்துடு. இரவல் குடுத்த பொருளைக் கேக்குறதுக்கு என்ன வெக்கம்?"

மியூசியம் சின்னது. காட்சிக்கூடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அறிவிப்புப் பலகைகள்தான் ஏராளம். தொடாதீர், சாயாதீர், உரக்கப் பேசாதீர், இந்தப் பலகையைத் தொடாதீர். வரவேற்பு மேசையில் பதிவாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு ஒரு சங்கிலி, காதுக்கு ஒரு பென்சில். வெல்டரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை இரண்டு விரலால் எடுத்து ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"மை கசியும். உள்ளே பென்சில்தான். என்ன விஷயம்?"

"எங்க தொட்டிலை வாங்கிட்டுப் போக வந்தேன்மா."

"தொட்டிலா? அப்படி எதுவும் எங்ககிட்ட இல்லையே."

வெல்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருப்பு மரம், இரண்டு தூண், கிரீச் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். பதிவாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"ஓ, பொருள் நூத்தி நாப்பத்தேழா! அப்படிச் சொல்ல வேண்டியதுதானே. உங்க வீட்ல இருந்த வரைக்கும்தான் அது தொட்டில்."

காப்பாட்சியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். அவர் யாரோடு பேசினாலும் ஆளின் தலைக்கு மேல், ஏதோ மேடையில் நிற்பதுபோல் கடைசி வரிசையைப் பார்த்துப் பேசுவார். கடைசி வரிசையில் அன்று ஒரு வாளிதான் இருந்தது.

"உங்க ஆதங்கம் எனக்குப் புரியுது. ஆனா பொருள் இப்ப ஓய்வுல இருக்கு. கண்காட்சி பூரா விளக்கு வெளிச்சத்துல நின்னுச்சு பாருங்க, களைச்சுப் போச்சு. வெளிச்சம் பட்ட பொருளுக்கு இருட்டுல ஓய்வு குடுத்தே ஆகணும். வேணும்னா ஒரு எட்டு பாருங்க. சத்தம் போடாம."

பின்பக்கக் கிடங்கின் கதவைப் பராமரிப்பு அலுவலர் ஒரு விரற்கடை திறந்தார். இளைஞர்தான். ஆனால் வெள்ளைக் கையுறையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை; அவர் பெயரே கையுறைக்காரர் என்று ஆகியிருந்தது. வெல்டர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே இதமான குளிர், கண்ணுக்கு இதமான இருட்டு. தொட்டிலின் கால்களுக்கு அடியில் மெத்துமெத்தென்று பஞ்சுத் திண்டு. மேலே வெள்ளைப் போர்வை, கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டது போல. வாழ்க்கையில் இத்தனை பொறாமையை வெல்டர் எந்த மரச்சாமான் மீதும் பட்டதில்லை.

"எங்க வீட்ல பிள்ளை தூங்கல, இங்க தொட்டில் தூங்குதா?" என்று வெடித்தார்.

"ஷ்ஷ்! அதிருது சார்," என்று கையுறைக்காரர் பதறிக் கதவைச் சாத்தினார்.

வெளியே வருகிற வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டி வெல்டரை இழுத்து நிறுத்தியது. உள்ளே தனி விளக்கின் கீழ் ஒரு சாக்ஸ். கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதன் ஜோடி வெல்டரின் பீரோவில் அநாதையாகக் கிடக்கிறது. மற்றதைத் தேடி அவர் வீட்டையே தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். பெட்டியின் கீழே எழுதியிருந்தது: "147-அ. காலுறை, ஒற்றை. தொட்டிலினுள் கிடைத்தது. ஓட்டை வேண்டுமென்றே இடப்பட்டது. சடங்கு சார்ந்ததாக இருக்கலாம்."

"அம்மா, இது என்னோட சாக்ஸ்."

"பொருளுக்கு உள்ளே எது இருந்துச்சோ அது பொருளோட சேர்த்தி," என்றார் பதிவாளர் அம்மா, நிமிர்ந்து பார்க்காமலே. "பழைய பானைக்குள்ள இருக்கிற மண்ணைக் கொட்டிடுவாங்களா? பிரிக்கக் கூடாதுங்க."

வெல்டர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

அடுத்து, தொட்டிலை ஏற்கும் தகுதி வீட்டுக்கு இருக்கிறதா என்று பார்க்கக் கையுறைக்காரர் வந்தார். கையடக்கமான கருவி ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, அதன் முன்னால் மண்டியிட்டுக் காத்திருந்தார். கொடியில் பாப்பாவின் ஈரத்துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. பாப்பா வீரிட்டாள். கருவியின் முள் ஏற ஏற, கையுறைக்காரரின் முகம் இறங்கியது.

"ஈரப்பதம் ரொம்ப அதிகம். இந்த வீட்ல மூச்சு விடுறவங்க ஜாஸ்தி."

"யாரை நிறுத்தச் சொல்றீங்க?" என்றாள் அக்கா.

"நிறுத்தச் சொல்லலீங்க. குறைச்சுக்கலாமேன்னுதான். ஒவ்வொரு மூச்சுலயும் ஈரம் வருது. மரம் உப்பும்."

"பிள்ளை அழுதா கண்ணுல தண்ணி வருதே, அதையும் நிறுத்தணுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதுவும் ஈரம்தானே மேடம்," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. பிறகு சமாதானமாக, "ஒரு வழி இருக்கு. தொட்டிலை இங்க கொண்டுவந்து வெச்சுடலாம். நீங்க எல்லாரும் வேற எங்கயாவது போய்த் தங்கிக்கிட்டா, அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா விளக்குமாற்றைப் பார்த்தாள். கையுறைக்காரர் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்படியில் நின்று அக்கா விட்ட பெருமூச்சில் கருவி ஒருமுறை கீச்சிட்டது.

வெல்டர் மறுபடி போனார். மறுபடியும் போனார். பட்டறைப் பக்கமே தலைகாட்டாமல் மியூசியத்துக்கு நடந்த நடையில், வாட்ச்மேன் அவரை ஊழியர் என்று நினைத்து வணக்கம் வைக்கத் தொடங்கினான். முதலாளி புது ஆள் பார்ப்பதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. ஒருநாள் காப்பாட்சியரின் அறை வாசலில், மனுஷன் வெட்கத்தை விட்டு அழுதேவிட்டார்.

"சார், என் பொண்டாட்டி நேத்து பிள்ளைன்னு நினைச்சுத் தலையணையைத் தட்டிக்குடுத்துட்டு உக்காந்திருக்கா. பிள்ளை பக்கத்துல கத்திட்டு இருக்கு. எங்களால முடியல சார். வேலையும் போகப்போகுது. அந்தத் தொட்டிலைக் குடுத்துடுங்க."

காப்பாட்சியர் அவசரமாகக் கைக்குட்டையை நீட்டினார். தரைவிரிப்பில் கண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று. பிறகு கடைசி வரிசையைப் பார்த்து முழங்கினார்.

"நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. பொருளைப் பயனாளிகிட்ட அனுப்புறதுக்கு வழியில்ல. ஆனா பயனாளியைப் பொருள்கிட்ட கொண்டுவர எந்தத் தடையும் இல்ல! வர்ற மியூசியத் திருநாள் அன்னிக்கு எங்க அறங்காவலர் குழுத் தலைவர் வர்றார். அவர் முன்னால பொருள் எப்படிப் பயன்பட்டுச்சுன்னு ஒரு செயல்விளக்கம். உங்க குழந்தையைக் கொண்டாங்க. படுக்க வைப்போம். தூங்கினா உங்களுக்கு லாபம். தூங்காட்டாலும் எங்களுக்கு நிகழ்ச்சி."

கொஞ்ச நேரமாவது பிள்ளை தூங்கட்டுமே என்று வெல்டர் தலையாட்டினார். டீச்சரும் சரி என்றார். அந்த நிலையில் யாராவது எரிமலை வாயில் தூங்க வைக்கிறோம் என்று சொல்லியிருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். அக்கா, "நானும் வர்றேன். உங்க ரெண்டு பேரையும் நம்பி அனுப்ப முடியாது," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

திருநாளன்று நுழைவாயிலிலேயே கையுறைக்காரர் வழி மறித்தார்.

"புதுசா உள்ளே வர்ற எதையும் பூச்சி இருக்கான்னு முதல்ல உறைபெட்டியில, அதான் ஃப்ரீசர்ல, வைக்கணும்."

பாப்பாவின் போர்வை போனது. தலையணை போனது. கிலுகிலுப்பை போனது. எல்லாம் உறைபெட்டிக்குள் அடுக்கிவைத்த பிறகு, கையுறைக்காரர் மெதுவாகப் பாப்பாவைப் பார்த்தார். டீச்சர் கையுறைக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, வீட்டுப்பாடம் செய்யாத தலைமுறைகள் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்திருக்கின்றன.

"இல்லீங்க, உயிருள்ளதுக்கு விலக்கு இருக்கு," என்று அவர் பின்வாங்கினார். "அதாவது, விலக்கு இல்லைன்னு எங்கயும் எழுதல. தூசி மட்டும் தட்டிக்கிறேன்."

மென்மயிர்த் தூரிகையால் பாப்பாவை மேலிருந்து கீழாக, ஒரே திசையில், மூக்கைச் சுற்றிக் கவனமாகத் தட்டினார். பாப்பா பிறந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரம் என்று யாரும் சொல்வதற்குள் துடைத்துக்கொண்டார்.

நடுக்கூடத்தில் தொட்டில் நின்றது. காப்பாட்சியர் பேசினார், தலைவர் வருவதற்கு முன் ஒத்திகையாக. கையுறைக்காரர் பாப்பாவை வாங்கி, உடைந்த ஜாடியை வைப்பதுபோல் உள்ளே வைத்து, ஒரு விரலால் ஆட்டிவிட்டார். கிரீச். அந்தச் சத்தத்துக்கு எண்ணெய் விடலாமா கூடாதா என்று மியூசியத்தில் பல கூட்டங்கள் நடந்து, முடிவே எட்டாமல் போயிருந்தது, நல்லவேளை. கிரீச், கிரீச். பாப்பா கொட்டாவி விட்டாள். கண்ணை ஒருமுறை உருட்டினாள். தூங்கிவிட்டாள்.

வெல்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வெல்டரைப் பார்த்தார். "தூங்கிட்டா, பாருங்க..." என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் சுவரோரமாகச் சரிந்தார்கள். அவர்களை எழுப்பப் போன அக்காவும் அங்கேயே உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். அவர்களோடு சேர்ந்து விழித்திருந்தவள்தானே அவளும்.

வெல்டர் கண் விழித்தபோது எதிரில் செருப்புகள் தெரிந்தன. ஏகப்பட்ட செருப்புகள். நிமிர்ந்தால், சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருங்கூட்டம் வரிசை கட்டி, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. அந்த மியூசியத்தில் பார்வையாளர்கள் இரண்டு பேரைச் சேர்ந்தாற்போல் அவர் பார்த்ததே இல்லை. தூங்குகிற குழந்தை ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் பரவியிருந்தது. தொட்டிலின் காலடியில் புதுப் பலகை.

"147. தொட்டில், உள்ளடக்கம் உட்பட."

அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் சின்னது: "147-ஆ, இ, ஈ. துணைப்பொருட்கள். ஆண் ஒன்று, பெண் இரண்டு. நிலை: கசங்கியது."

"அம்மா, இதென்ன கூத்து?" என்றார் வெல்டர்.

"பொருளை மறுபடி அளந்தேன், எடை போட்டேன், திருத்தி எழுதிட்டேன்," என்றார் பதிவாளர் அம்மா பெருமையோடு. "பழைய பதிவு ரத்து. இப்ப நூத்தி நாப்பத்தேழுன்னா தொட்டிலும் உள்ளடக்கமும் சேர்ந்த ஒரே பொருள். உள்ளே இருந்ததைப் பிரிக்க முடியாது. உங்க சாக்ஸுக்கு என்ன விதியோ அதே விதிதான்."

"அது என் பொண்ணும்மா!"

"இருக்கலாம். சாக்ஸும் உங்களோடதுதானே?"

டீச்சர் விழித்துக்கொண்டார். அக்கா விழித்துக்கொண்டாள். அக்காவின் முந்தானைப் பின்னைத் 'துணைப்பொருளின் துணைப்பொருள்' என்று கையுறைக்காரர் படம் பிடித்துக்கொண்டிருந்ததால், அவளுக்கு நல்ல மூடு இல்லை. காப்பாட்சியர் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்கப் பூரித்துப்போய், உண்மையாகவே கடைசி வரிசை என்று ஒன்று இருக்கிற மகிழ்ச்சியில், குரலை உயர்த்தினார்.

"பெரியோர்களே! இந்தக் கட்டடத்துக்குள்ள வந்த எதுவும் இதுவரைக்கும் வெளியே போனதில்ல. வந்து பார்த்தவங்களும் மறுபடி வந்ததில்ல. அந்த அளவுக்கு அமைதியாப் பாதுகாக்கிறோம். ஒரு பொருள் பயன்படுத்தப்பட்டா தேயும், தேய்ஞ்சா கெடும். ஆகவே யாருக்கும் பயன்படாம வெச்சிருக்கிறதுதான் எங்க கடமை. இன்னிக்கு நம்ம தலைவர் வர்றார். அவர் இந்தப் பொருளைப் பார்த்தாருன்னா, எனக்கு... மியூசியத்துக்கு ஒரு புது மாடியே கிடைக்கும். இதை எல்லாம் யாருக்காகச் செய்றோம்? வருங்காலத் தலைமுறைக்காக!"

டீச்சர் தொட்டிலைக் காட்டினார். "வருங்காலத் தலைமுறை இதோ படுத்திருக்கு சார். வீட்டுக்கு அனுப்புங்க."

காப்பாட்சியர் முதல்முறையாக ஒருவரை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நாங்க வருங்காலத் தலைமுறைக்காகத்தான் பாதுகாக்கிறோம் மேடம். வந்துட்ட தலைமுறைக்கு இல்ல."

டீச்சர் பதில் சொல்வதற்குள் பாப்பாவுக்குப் பசித்துவிட்டது. முதலில் ஒரு முனகல். பிறகு கூரை அதிர ஒரு அலறல். காட்சிப் பெட்டிகளின் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. டீச்சர் கயிற்றைக் கடந்து உள்ளே போனார்.

"கையுறை! கையுறை போடாம தொடாதீங்க!" என்று கையுறைக்காரர் கத்தினார்.

"கூடத்துல உணவுப்பொருள், திரவம், ரெண்டுக்கும் அனுமதி இல்ல!" என்று காப்பாட்சியர் கத்தினார்.

"பிரிக்காதீங்க! பிரிக்காதீங்க!" என்று பதிவாளர் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் ஒருவரையும் லட்சியம் செய்யவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் தானாக விலகி வழிவிட, வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து முந்தானையால் மூடிப் பால் கொடுத்தார். உள்ளே தொட்டில் காலியாக ஆடி நின்றது.

பதிவாளர் அம்மா பலகையைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். நேர்மையான பெண்மணி, தான் எழுதியதற்கு மேல் எதையும் நம்பாதவர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார்... இது நூத்தி நாப்பத்தேழு இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"நூத்தி நாப்பத்தேழு உள்ளடக்கம் உட்பட. இதுல உள்ளடக்கம் இல்ல. அப்ப இது நூத்தி நாப்பத்தேழா இருக்க முடியாது. வெறும் தொட்டிலோட பழைய பதிவை நானே ரத்து பண்ணிட்டேன். இது... இதுக்கு எண்ணே இல்ல சார்."

எண் இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் கையுறைக்காரர் தொட்டிலிலிருந்து எட்டித் தாவி விலகினார். காப்பாட்சியர் நாற்காலியைத் தேடினார். உட்காரக்கூடிய நாற்காலி எதுவும் அந்தக் கூடத்தில் இல்லை.

"எண் இல்லாத சாமான் நடுக்கூடத்துல நிக்குதா? தலைவர் வர்ற நேரத்துலயா? யாரு இதை உள்ளே விட்டது? எங்கிருந்து வந்துச்சு, பூச்சி இருக்கா, பூஞ்சை இருக்கா, யாருக்குத் தெரியும்? ஐயா, நீங்கதானே? வெல்டர்? இதை உடனே வெளியே தூக்கிட்டுப் போங்க!"

"எதை சார்?" என்றார் வெல்டர். அவருக்குத் தூக்கம் இன்னும் முழுசாகக் கலையவில்லை.

"இந்தப் பழைய மரச்சாமானை!"

"நிஜமாவா? கையெழுத்து ஏதாவது போடணுமா?"

"இல்லாத பொருளுக்கு எதுக்குய்யா கையெழுத்து? சீக்கிரம்!"

வெல்டர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவே இல்லை. முன்பக்கத் தூணை அவர் பிடிக்க, பின்பக்கத்தை அக்கா பிடிக்க, அத்தனை நாளாக அசைக்க முடியாத தொட்டில், காப்பாட்சியர் கதவைப் பிடித்துக்கொள்ள, பதிவாளர் அம்மா வழி காட்ட, ராஜ மரியாதையோடு வெளியே வந்தது. வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் ஒரு வணக்கம் வைத்தான்.

படிக்கட்டின் அடியில் நடைபாதையில் இறக்கினார்கள். பால் குடித்த பாப்பா ஏப்பம் விட்டு, மறுபடி சிணுங்க ஆரம்பித்திருந்தாள். டீச்சர் அவளை உள்ளே கிடத்தி ஆட்டினார். கிரீச். எதிரே பஸ் ஹாரன், பக்கத்தில் பழவண்டிக்காரனின் கூவல், மேலே வெயில். கிரீச், கிரீச். பாப்பா தூங்கிவிட்டாள். இருட்டும் வேண்டாம், குளிரும் வேண்டாம், பஞ்சுத் திண்டும் வேண்டாம். வெல்டர் நடைபாதையிலேயே உட்கார்ந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சரும் சிரித்தார். சத்தம் வராமல் சிரிக்க வேண்டியிருந்ததால் இருவருக்கும் வயிறு வலித்தது.

"போதும், வீட்டுக்குப் போய்ச் சிரிங்க," என்றாள் அக்கா. அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் உள்ளே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால், வரிசையில் நின்ற கூட்டம் முழுக்க வெளியே வந்து தொட்டிலைச் சூழ்ந்துகொண்டது. கிளம்ப இடமில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு நீளமான கார் வந்து நின்றது. தலைவர் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்பின. காப்பாட்சியர், பதிவாளர் அம்மா, கையுறைக்காரர் மூவரும் படியில் உருண்டு புரண்டு ஓடி வந்தார்கள்.

தலைவர் குனிந்து பார்த்தார். பாப்பாவின் சின்ன வாய் ஏதோ கனவில் சப்புக்கொட்டியது.

"அடடா," என்றார் தலைவர் குழைந்துபோய். "என்ன ஒரு உயிரோட்டம்! என்ன ஒரு நுணுக்கம்! இத்தனை வருஷத்துல இந்த மியூசியத்துல நான் தூங்காம பார்த்த முதல் பொருள் இதுதான்." நிமிர்ந்தவரின் முகம் சிவந்தது. "இதைப் போய் வெயில்லயும் புழுதியிலயும் நடுத்தெருவுல போட்டிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் பொறுப்பு இருக்கா? முதல்ல இதை உள்ளே கொண்டுபோய்ப் பாதுகாக்கணும்!"

"பாதுகாத்துடலாம் சார்!" என்றார் காப்பாட்சியர்.

"புது எண் போட்டுடறேன் சார்!" என்று பதிவாளர் அம்மா காதிலிருந்து பென்சிலை உருவினார். கையுறைக்காரர் கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

டீச்சர் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். கணக்குப் போட நேரமில்லை.

"அண்ணி, பின்பக்கம் பிடிங்க! என்னங்க, தூக்குங்க!"

தொட்டில் தரையை விட்டு எழும்பியது. கூட்டம் 'ஓ' என்று பிளந்து வழி விட்டது. வெல்டர் முன்னால், அக்கா பின்னால், பிள்ளை மேல் ஒரு கையும் தொட்டில் மேல் ஒரு கையுமாக டீச்சர் நடுவில், தெருவில் பாய்ந்தார்கள். பழவண்டி ஒன்று ஒதுங்கியது, பஸ் ஒன்று நின்றது. ஒவ்வொரு அடிக்கும் தொட்டில் கிரீச் கிரீச் என்று ஆட, பாப்பா புரண்டு படுத்து இன்னும் நன்றாகத் தூங்கினாள். பின்னால் "அதிருது! அதிருது!" என்று அலறிக்கொண்டு கையுறைக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் பென்சில், அதற்குப் பின்னால் காப்பாட்சியர், கடைசியாக வேட்டியைப் பிடித்துக்கொண்டு தலைவர்.

வெல்டர் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு பட்டும் மனுஷனுக்கு இளகிய மனசு.

"பாவம் டீச்சர், வயசானவரும் ஓடி வர்றாரு. நின்னு நிதானமா ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமா?"

"பேசுறதாவது!" என்றார் டீச்சர். "ஓடுங்க! பாதுகாக்க வர்றாங்க!"